இரண்டாம் சீலம்

பௌர்ணமி. விடியுமுன் எழுந்து
ஐந்து சீலங்களையும் சொல்லத் தொடங்கினேன்.
முதலாவதற்குக் கை பழகிவிட்டது,
காதோரக் கொசுவை ஊதித்தான் விடுகிறேன்.

கொடுக்கப்படாததை எடுக்கமாட்டேன்
என்று முடிக்கும்போது
மொட்டைமாடித் தொட்டி நிரம்பிச் சொரிகிறது.
மோட்டாரை மறந்திருக்கிறேன்.

இருநூற்று நாற்பது அடி.
போர் போட்ட அன்று
லாரிக்காரருக்குக் கொடுத்தேன்,
பைப்புக்கு, கம்ப்ரசருக்கு,
நாலு பேர் குடித்த டீக்குக்கூட.
தண்ணீரை யாரும் கொடுக்கவில்லை.
எடுத்தேன்.

கெடிலம் வெறும் மணலாய்க் கிடந்த
அந்தக் கோடையில்தான்
எதிர்வீட்டு அடிபம்பு
காற்றை இறைக்கத் தொடங்கியது.
தேவனாம்பட்டினம் பக்கம் கிணறுகளில்
உப்பு ஏறிவிட்டதென்று பேசிக்கொண்டார்கள்.
நான் அப்போது தியானத்தில் இருந்தேன்.

செங்கமலவல்லி இரண்டு குடங்களோடு வருகிறாள்.
குழாய் வாசலிலேயே இருக்கிறது,
பூட்டு கிடையாது.
இருந்தும் தினமும் கேட்கிறாள்:
"எடுத்துக்கட்டுமா சார்?"

தலையாட்டுகிறேன்,
கொடுப்பவனைப் போல.

இன்றும் ஆட்டினேன்.
பிறகு மோட்டாரை அணைத்துவிட்டுக்
குளிக்கப் போனேன்.
நான்கு குவளை. ஐந்து.
முதுகில் இன்னும் சோப்பு.
ஆறாவதை மொண்டு
அப்படியே நிற்கிறேன்.