எதிர்க்காற்று முனை

ஒவ்வோர் ஆட்டத்திலும்
ரேவின் டல்லக் என்ற பெயரை
இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.
இடப்பக்கம் ஏழாவது மட்டையாளர்,
வலப்பக்கம் முதல் மாற்றப் பந்துவீச்சாளர்.
பன்னிரண்டு ஆண்டு, ஒரே ஸ்கோர் மேசை,
காதிடுக்கில் பென்சில்.

லிங்கன் மைதானத்தில் தெற்கிலிருந்து காற்று வரும்.
தெற்கென்பதால் தென்றல் என்று நினைக்க வேண்டாம்.
துருவத்துப் பனியை நக்கிவிட்டு வருவது,
தேநீரை மேசையிலேயே ஆறவைத்துக்
கோப்பையையும் தள்ளிவிடும்.
அதை முதுகில் வாங்கி ஓடிவருவாள் மெரில்,
வேகக்காரி, பத்திரிகைப் படங்களில் இருப்பவள்.
எதிர்முனை யாருக்கு என்று
கேப்டன் ஒருநாளும் யோசித்ததில்லை.
திரும்பிப் பார்க்காமலே பந்தை எறிவாள்.
ரேவின் அங்கே நிற்பாள்.

பத்து ஓவர், மூன்று மெய்டன்,
பத்தொன்பது ரன், விக்கெட் இல்லை.
மெரிலுக்கு நான்கு.
நான்கில் மூன்று
இந்த முனையில் வழியடைத்துப் போனதால்
அந்த முனையில் கதவை உடைக்கப் போய் விழுந்தவை.
எழுதக் கட்டம் இல்லை என் புத்தகத்தில்.

ஓமாருவின் கம்பளிக் கிடங்கில் தரம்பிரிக்கும் வேலை.
நாட்டுக்கு ஆடியது சம்பளமில்லா விடுப்பில்.
இங்கிலாந்து டிக்கெட்டுக்காக
லாமிங்டன் கேக் சுட்டுப் பள்ளி வாசலில் விற்றாள்.
வெள்ளிப் பெரணி தைத்த கறுப்புக் கோட்டை
இரண்டு தவணையில் வாங்கினாள்.

ஆட்டுமுடியின் நெய் விரலைவிட்டுப் போகாது.
டர்பியில் புகார் வந்தது,
பந்து மிதமிஞ்சி மினுங்குகிறதாம்.
நடுவர் அவள் கையைப் பிடித்து முகர்ந்தார்.
"ஆடு" என்றார், தீர்ப்புச் சொல்வதுபோல.
"ஒன்றல்ல, இந்த சீசனில் இருபத்தாறாயிரம்."
பந்து திரும்பி வந்தது.

அங்கேதான் அவளுடைய நாற்பத்தேழும்.
இன்னும் மூன்று இருக்க,
கடைசியாக வந்த ஜோசலின்
கையுறை வெல்க்ரோவை ஒட்டியபடியே
முதல் பந்தில் போல்டு.
நாற்பத்தேழின் தோளில்
ஆட்டமிழக்காத நட்சத்திரம் ஒன்றைக் குத்தினேன்.
அதற்குமேல் அவள் போகவே இல்லை.

சகலதுறை ஆட்டக்காரி என்பார்கள் வானொலியில்.
சகலம்தான், வழியில் வேன் டயர் மாற்றியதுவரை.
துறை என்று அவளுக்குத் தெரிந்ததோ ஒன்றே ஒன்று:
கல்லணைக்குள் ஒதுங்கிய ஓமாரு,
இருட்டியதும் நீலப் பெங்குவின்கள்
வரிசை குலைந்து கரையேறும் இடம்.
டூர் முடிந்து வரும் இரவில்
அவை சாலையைக் கடக்கும்வரை
எஞ்சினை அணைத்துக் காத்திருப்பாளாம்.

கடைசி ஆட்டத்தில் புதுக் கேப்டன், சின்னப் பெண்,
மரியாதைக்காகக் காற்றுமுனையைக் கொடுத்தாள்.
பன்னிரண்டு ஆண்டில் முதல்முறை
முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளியது காற்று.
நோபால்.
மறுபடி நோபால்.
மூன்றாவதில் கோட்டை முழுசாகத் தாண்டி
நடுவர் மேலேயே சாய்ந்தாள்.
ஓவர் முடிந்ததும் கேப்டன் காதில் ஏதோ சொன்னாள்.
அடுத்த ஓவர் பழைய முனை,
பழைய சாய்ந்த ஓட்டம்,
ஆறு புள்ளி.

அன்றிரவு கூட்டிப் பார்த்தேன்.
மட்டைச் சராசரி இருபத்து மூன்று புள்ளி ஆறு.
பந்துச் சராசரி
இருபத்து மூன்று புள்ளி ஆறு.
பிழையென்று மூன்று முறை கூட்டினேன்.
கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை.

போனில் சொன்னேன்.
"அப்போ யாருக்கும் பாக்கி இல்லை" என்றாள்.
முழங்காலில் உறைந்த பட்டாணிப் பொட்டலம்
உருகிக்கொண்டிருக்கிறது,
சூப்பில் போட வேண்டும்,
காலையில் ஏழு மணிக்குக் கிடங்கு என்று
வைத்துவிட்டாள்.