மும்முனை மின்சாரம்

நீலக்குடியில் இரவு பத்துக்கு
மும்முனை வரும்.
சுற்றிலும் வயல் மோட்டார்கள் உறும,
சபூராவின் திரையில் கோடு நடுங்கும்.

சிலிக்கான் சில்லின் மேல்
இரும்பும் நிக்கலும் கலந்த படலம்.
அதில் வரப்பு வெட்டியிருக்கிறாள்,
ஒரு தலைமுடி அகலத்துக்கு இருநூறு.

இந்த முனையில் ஆன்டெனா தொட்டால்
ஒரு சுழல் தலை சாய்க்கும்,
அது பக்கத்துச் சுழலைச் சாய்க்கும்.
எதுவும் இடம் பெயராது.
ஆனாலும் ஏதோ ஒன்று
அக்கரை போய்ச் சேரும்.

எல்லா அலையும் அல்ல.
தங்கள் இடைவெளிக்கு ஒத்த ஒன்றை மட்டும்
வரப்புகள் கூடித் திருப்பி அனுப்பும்.
கணக்கு அப்படிச் சொல்கிறது.
நான்கு மாதமாய்க் கணக்கு மட்டும்தான் சொல்கிறது.

யாரை ஏசுவது?
கூத்தாநல்லூரில் அத்தாவின் மோட்டாரும்
இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

நான்கேகால்.
மும்முனை போகிறது.
அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் அடங்க,
கோடு நிமிர்கிறது.
ஏழரை கிகாஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்.

ஏழரை என்றாலே சனிதான் என்று
அறைத்தோழி வைதேகி சிரித்திருப்பாள்.

வராமல் போன அந்த அலையையே
பார்த்துக்கொண்டு நிற்கிறாள் சபூரா.
வாய்க்காலில் மிச்சத் தண்ணீர் ஓடும் சத்தம்.
பிறகு, ஆறு மணிக்கு மறுபடி மின்சாரம் வருவதற்குள்,
சேமி என்ற பொத்தானை
இரண்டு முறை அழுத்துகிறாள்.