நாலில் ஒரு பங்கு

மூன்று வாரம் முன்பே இடம் பிடித்தாயிற்று என்று
கோமதிநாயகம் குழுவில் போட்டிருந்தான்.
மனாமா, சீஃப் பக்கம், இருபத்தேழாம் மாடி.
செருப்பு கூடாது, அரைக்கால் சட்டை கூடாது,
பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் கூடாது.
இல்யாஸ் அதற்காகவே ஒரு ஷூ வாங்கினான்.
அது கடித்தது.

சாதாத் தண்ணீரா, நுரைக்கும் தண்ணீரா
என்பதுதான் முதல் கேள்வி.
விளக்கு, கரண்ட் போன வீட்டில் ஏற்றிய
மெழுகுவத்தி அளவுக்கு.
விலையைப் படிக்க டார்ச் அடித்த டெல்பின்
நாயகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு
அணைத்துவிட்டாள்.

முதலில் வந்தது ஒரு கண்ணாடிக் கூண்டு.
உள்ளே புகை.
பரிமாறுகிறவன் மெல்ல அதைத் தூக்க
நால்வரும் முன்னே குனிந்தோம்,
கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர்களைப்போல.
புகை விலகியது.
ஒரு வெண்டைக்காய்.
ஒன்றேதான்.

"இதையா பங்கு போடணும்?" என்றான் இல்யாஸ்.
"முதல்ல கதையைக் கேளுடா" என்றான் நாயகம்.
கதை இருந்தது, ஒவ்வொரு தட்டுக்கும்.
சமையல் தலைவர் சிறுவயதில் மழையில் நனைந்தது,
அந்த ஈரம்தான் இந்த நுரை என்பது,
எல்லாவற்றையும் மனப்பாடமாய் ஒப்பித்தான்
நேபாளத்துப் பையன் சுமன்.
நடுவில் ஒரு வரி மறந்து
கூரையைப் பார்த்தான்.
அன்றிரவு எனக்குப் பிடித்தது
அந்த ஒரு கணம்தான்.

ரசம் சோதனைக் குழாயில் வந்தது.
பத்து வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ், டெல்பின்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்:
"பேரு வயசு ஒண்ணும் எழுதலையே,
லேபுல திருப்பி அனுப்பிருவாங்க."
சிரித்தோம். பக்கத்து மேசை திரும்பியது.
நாயகம் சிரிக்கவில்லை.
"டேஸ்ட் எப்படி?" என்றான்.
"சூப்பர்" என்றோம்.

எட்டு வகை வந்தன. எட்டு முறை கேட்டான்.
ஹமூர் மீன்
கோயில் விபூதிப் பொட்டலம் அளவில் வந்தபோதும்
சூப்பர்தான்.
ஏழாவது முறை என் குரல் எனக்கே கேட்டது,
வங்கியின் புகார் எண்ணில்
மன்னிப்புக் கேட்கிறவளின் குரல்.

பில் தோல் அட்டைக்குள் வந்தது.
நூற்றுப் பன்னிரண்டு தினார், நானூறு ஃபில்ஸ்.
திறந்து, பார்த்து, மூடி,
"நாலாப் பிரிச்சா இருபத்தெட்டு, நூறு" என்றான்,
பதவி உயர்வு கிடைத்தவன்.

பிறகு குழுவில் தேடிப் பார்த்தேன்.
"போகலாமா" என்றுதான் எழுதியிருக்கிறான்,
"கூட்டிட்டுப் போறேன்" என்றல்ல.
அவன்மேல் தப்பில்லை.

இல்யாஸின் அட்டையை வாங்கிக்கொண்டு
மிஷின் இரண்டு முறை யோசித்தது.
இரண்டு முறையும் நாங்கள்
கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்தோம்.
இருட்டில் கடல் எங்கே தெரிகிறது.

கீழே, வழக்கமாக இந்த நேரத்தில்
யாராவது ஒருவர் சொல்வோம்,
ஒரு கரக் குடிச்சிட்டுப் போலாம் என்று.
அன்று ஒருவரும் சொல்லவில்லை.
சொன்னால் பசிக்கிறது என்று ஆகிவிடும்.
"வித்தியாசமா இருந்துச்சுல்ல?"
"ஆமா, வித்தியாசம்."
கை குலுக்கினோம்.
பதினோரு வருடப் பழக்கம், கை குலுக்கினோம்.
காரைத் தள்ளி நிறுத்தியிருப்பதாய்ச் சொல்லி
நாயகம் இருட்டுக்குள் நடந்து போனான்.

பன்னிரண்டே காலுக்கு
குதைபியா சந்தில் திரும்பினேன்.
முட்டைப் பரோட்டா சுருட்டித் தரும் கடை முன்னால்
ஒரு விளக்கு உடைந்த வெள்ளை நிசான்.
உள்ளே நாயகம்.
டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு
காகிதத்தை ஸ்டியரிங்கில் விரித்து
இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தான்.

ஹார்ன் அடித்திருக்கலாம்.
கண்ணாடியைத் தட்டி
டேஸ்ட் எப்படி என்று கேட்டிருக்கலாம்.
விளக்கை அணைத்து
வந்த வழியே பின்னால் எடுத்து
அடுத்த தெருக் கடைக்குப் போனேன்.

அங்கே இல்யாஸ் நின்றிருந்தான்
வெறுங்காலோடு,
ஷூவைக் கார்க் கூரையில் வைத்துவிட்டு.
என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.
கடைக்காரரிடம்
இரண்டு விரலைக் காட்டினான்.