உதட்டைத் தூக்கிப் பார்

அட்-பஷியில் அக்டோபரிலேயே பனி.
பள்ளிக்கூட முற்றத்தில் எங்கள் வண்டி.
உள்ளே ஒரு நாற்காலி, ஒரு விளக்கு,
வெளியே, சமத் உதைத்தால்தான் ஓடுகிற ஜெனரேட்டர்.

பதினேழாவதாக வந்தான் எர்மெக், நாலு வயது.
தொப்பியைக் கழற்றி வாயைப் பொத்திக்கொண்டான்.
"திறக்கலேன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாங்க"
என்றாள் அம்மா புருல்சா,
தன் வாயையும் கையால் மறைத்தபடி.

(அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்
வீட்டில் விட்டுவிட்டு வந்தால் போதும்,
என் வேலையில் பாதி முடிந்துவிடும்.)

அவள் முழங்காலும் என் முழங்காலும் ஒட்ட
எதிரெதிரே அமர்ந்தோம்.
பிள்ளை அவள் மடியில், தலை என் மடியில்.
மேலுதட்டை ஒரு விரலால் தூக்கினேன்.
ஈறோரம் பழுப்புக் கோடு,
கழுவாத கோப்பையின் விளிம்பில்
தேநீர் விட்டுப்போகும் கோடு.

யார் தப்பு என்று நான் கேட்பதில்லை.
எப்படித் தூங்குவான் என்று கேட்பேன்.

நள்ளிரவு தாண்டினால் ரொட்டி அடுப்பில் வேலை.
அவன் விழித்தால் சமாளிக்க ஆளில்லை.
பாட்டிலில் பால்தேநீர், மூன்று கரண்டி சர்க்கரை.
வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவான்.
"பால்பல்தானே டாக்டர், விழுந்தா முளைக்காதா?"

முளைக்கும்.
நரின் பேருந்தில் பையைப் போட்டு
இடம் பிடிப்பாய் அல்லவா?
அந்தப் பை இது.
பையை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்
சாய்ந்துகொள்வார்.
பின்னால் வருகிறவர் கோணலாய்த்தான் நிற்க வேண்டும்.

அவள் பதில் சொல்லவில்லை.
எர்மெக் மீண்டும் தொப்பிக்குள் போய்விட்டான்.

கண்ணாடியை அவன் கையில் கொடுத்தேன்.
"முதலில் அம்மா. நீதான் டாக்டர்."

தயங்கி ஏறினாள் நாற்காலியில்.
இவன் விளக்கைப் பிடித்து எண்ணினான்,
ஒண்ணு, ரெண்டு, மூணு.
"இங்க இல்லை."
நாலு, அஞ்சு.
"இங்கயும் இல்லை. வலிச்சுதா?"
"வலிச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."
"எந்தப் பல்லை?"

கதவுக்கு வெளியே சமத் சிரித்துவிட்டான்.
பிறகு நான்.
பிறகு அவளும், கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்து.

அப்போதுதான் அவன் தானாகத் திறந்தான்.

வெள்ளி மருந்து தடவினேன்.
சொத்தை கறுத்துப்போகும் புருல்சா,
அழகு போயிற்றே என்று கலங்காதே,
கறுத்து இறுகினால் அது அங்கேயே நிற்கிறது என்று அர்த்தம்.
பாட்டிலைச் சட்டென்று பிடுங்காதே.
நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டு, சர்க்கரையைக் குறை,
ஒரு ராத்திரி வெறும் தண்ணீராகட்டும்.
அழுவான். அண்டை வீட்டாரிடம்
முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வை.
பற்பசை இவனுக்குப் பட்டாணி அளவு,
வீட்டில் இருக்கும் சின்னவளுக்கு அரிசிமணி.
துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்.
ஏழெட்டு வயதுவரை பிரஷ் உன் கையிலும் இருக்கட்டும்.
நீ அடுப்புக்குக் கிளம்பும்முன்
அவன் பக்கம் குனிவாய் அல்லவா, அந்த நேரம் போதும்.
மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்.
வெள்ளையாய் ஒரு தேமல் தெரிந்தால்
வலிக்கும்வரை காத்திருக்காதே.

அடுத்த திங்கள் உனக்கும் நேரம் குறித்திருக்கிறேன்.
"எனக்கா?" என்றாள்,
தன் பெயரை முதன்முதலாகக் கேட்டவள் போல.

இரவு வண்டிக்குள்ளிருந்து பிஷ்கெக்குக்கு அழைத்தேன்.
மகள் அய்பெரி, ஐந்து வயது, திரையில்.
"பல் தேய்ச்சாச்சா?"
"தேய்ச்சாச்சு. அப்புறம் அப்பா
கெட்டிப்பால் குடுத்தார். ஒரே ஒரு ஸ்பூன்."
பின்னால் அவர் கதவோரம் நழுவுவது தெரிந்தது.

ஊருக்கெல்லாம் சொன்ன வாய்
சற்று நேரம் மூடிக்கிடந்தது.

"உதட்டைத் தூக்கிக் காட்டு" என்றேன்.
தூக்கினாள்.
சமத்தின் ஜெனரேட்டர் இருமியது, சிக்னல் போயிற்று.
உறைந்த திரையில் என் மகள்,
ஒரு விரல், ஒரு உதடு,
பார்க்க முடியாதபடி மங்கலாக
இருபது பற்கள்.