மிசு

ஜப்பான்காரன் கப்பலேறிப் போய்
நாலு மாசமாச்சு.
அவன் தண்ணீர்ப் பீப்பாயில் ஒட்டி வந்தது மட்டும்
சால்வின் ஆற்றில் தங்கிவிட்டது.

மீ சானின் படகில் முதலில் வெள்ளரிப் பிஞ்சு காணோம்.
பிறகு எருமைக் கன்று. பிறகு,
அரிசி மில்லில் என்னோடு மூட்டை தூக்கிய முனியசாமி.

ஆமை முதுகு, தவளைக் கை,
உச்சந்தலைக் குழியில் ஒரு சிரங்கை நீர்.
கப்பா என்று அதற்குப் பேராம்.

அமாவாசையில், மோல்மேன் படித்துறையில்,
மல்லுக்கு வா என்று தொடை தட்டியது.
எதிரி எவனானாலும்
சலாம் வரிசை போடாமல் கம்பு சுழற்றக் கூடாது.
மண் தொட்டுக் குனிந்தேன்.

அதுவும் குனிந்தது.

மூன்று வருஷம்
சென்ட்ரி நின்ற முக்கிலெல்லாம்
இடுப்பொடியக் குனிந்தவன் நான்.
குனிய மறந்த அன்று போன கடைவாய்ப்பல்லை
நாக்கு இன்னும் தேடுகிறது.
அங்கிருந்து வந்த ஒன்று எனக்குக் குனிந்தது
அன்றைக்குத்தான்.

குழி கவிழ்ந்து நீர் படியில் வழிந்தது.
குனிந்தபடியே உறைந்துவிட்டது,
தொண்டை மட்டும் துடிக்க.

பிடரிக்கு ஒரே அடி போதும்.
கம்பு உயர்ந்துவிட்டது.

மிசு, என்றது. மிசு.

தெரியும் அந்தச் சொல்.
தன்பியூசயாட் தண்டவாளக் காட்டில்
காலராக் கொட்டகையில் கிடந்த என் தம்பி சேவுகன்
கற்றுக்கொண்ட ஒரே ஜப்பான் சொல்.
காவல்காரன் காதில் விழும்படி
விடிய விடியக் கேட்டானாம்.

கம்பைக் கக்கத்தில் இடுக்கி
ஆற்றில் இறங்கி
இரு கையாலும் அள்ளிவிட்டேன்.

விரலிடுக்கில் ஒழுகுகிறது.
இன்னும் மூன்று படி.