காதுவரை

உறையவைத்த உங்கள் தொடைத் தசை
அரை மொச்சையளவு வந்து சேர்ந்தது,
மார்ச் ஒன்பது, காலை பத்தேகால்.
ஓலொமொவ்ட்ஸில் அன்று
மொராவா ஆற்றோரம் பனிக்கட்டி இன்னும் விடவில்லை.
படிவம் சொன்னது இவ்வளவுதான்:
வெண்டலீன் ஹ்ரூபெஷ். ஐம்பத்தெட்டு.
மேல்தளங்களுக்குச் சுண்ணம் பூசுபவர், முப்பத்தொரு ஆண்டு.
இமைகள் ஊதா. விரல் மூட்டுகள் சிவப்பு.
படியேற முடியவில்லை. தூரிகை கனக்கிறது என்கிறார்.
கையை உயர்த்த: மார்புவரை.

முகம் தெரியாது எனக்கு.
அண்ணாந்தே பிழைத்த ஒருவரைக்
கை கைவிட்டால் என்ன செய்வார் என்று யோசித்தபடி
கத்தியை எட்டு மைக்ரானுக்குத் திருகினேன்.

சாயத்தில் எல்லாம் ஊதா.
உங்கள் இமையும் இதே நிறமா?
கட்டுகளின் நடுவில் இழைகள் கொழுத்து,
விளிம்பில் மட்டும் சூம்பிக் கிடந்தன.
ரத்தக் குழாய்களைச் சுற்றி வெள்ளணுக்கள்,
ஊர்வலம் என்று எவரோ பொய் சொல்லிக்
கூட்டிவிட்ட கூட்டம்போல.

தசையழற்சி என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
டாக்டர் கோவுட்னா அதன் ஓரத்தில் பென்சிலால்:
தேடவும்.
கழுத்து, அக்குள், வயிறு, எலும்பு மஜ்ஜை.
ஏப்ரலில் ஒன்றுமில்லை.
ஜூலையில் ஒன்றுமில்லை.
பென்சில் எழுத்தை அவர் அழிக்கவில்லை.

அக்டோபரில், லிஃப்ட் கெட்டுக் கிடந்த ஒரு வியாழன்,
நாலாம் மாடியிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்து
"இது உன் ஆளா?" என்றாள் ஸ்டிஸ்லாவா.
தாடைக்கடியில் எடுத்த கணு.
லென்ஸுக்குக் கீழே பெரிய பெரிய அணுக்கள்,
இடமில்லாத பேருந்தில் இன்னும் ஏறிக்கொண்டே.
லிம்ஃபோமா.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது
உறவுக்குச் சொன்னது.
ரத்தத்தில் ஒன்று நேரும் முன்பே
சதைக்குத் தெரிந்துவிடும் என்று
அதை இப்படி வாசிப்பேன் என நினைத்ததில்லை.

எது முதலில்?
ஒளிந்திருந்ததைத் தேடிப் போன படை
உங்கள் தோளை அதுவென்று எண்ணி அடித்ததா?
இல்லை, ஓயாத சண்டையில்
ஓர் அணு நிற்க மறந்து பெருகியதா?
சாப்பாட்டு அறையில் சூப் ஆறி ஆடை கட்டும்வரை
அவளும் நானும் வாதாடினோம்.
கண்ணாடித் தகடு
யார் பக்கமும் பேசவில்லை.

மே மாதம்.
ஆறு சுற்று மருந்து முடிந்து வந்த ரத்தம்.
தசை நொதி அந்த மார்ச்சில் ஆறாயிரத்து இருநூறு,
இப்போது இருநூற்றுப் பத்து.
கணுவுக்கு ஏற்றிய மருந்துக்குத்
தோளும் கேட்டிருக்கிறது.
நிம்மதி என்று சொல்ல மாட்டேன்;
அந்தச் சொல்லுக்கு இந்த வேலையில் கட்டம் கிடையாது.

நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்தேன்.
அரை நிமிடம்தான், கழுத்து வலித்தது.
எங்கள் அறையின் வடக்கு மூலையில்
ஈரம் பரவி, உரிந்து தொங்கும் சுண்ணம்.
எத்தனை காலமாகவோ.

படிவத்தில் அதே கேள்வி, வேறொரு கையெழுத்து.
கையை உயர்த்த:
காதுவரை.