திரும்பும் வழி

ஃபியோர்டின் இக்கரையில் ஆஸ்கிரிமூர்,
அக்கரையில் தம்பி பொத்வார்.
நடுவே இரண்டு கிலோமீட்டர் தண்ணீர்;
சாலையில் சுற்றினால் நாற்பத்தொன்று.
ஒரு கிடாயின் விலையில் பேச்சு நின்றதாம்.
எனக்கெதற்கு அது, நான் கம்பி இழுப்பவள்.

பனியில் வழுக்கி பொத்வாருக்கு இடுப்பெலும்பு முறிவு.
கொட்டிலில் எண்பது சினையாடுகள், ஒரு கேமரா.
அண்ணனுக்குத்தான் தூக்கம் வராதே, பார்க்கட்டும் என்றது
கூட்டுறவுச் சங்கம்.

மே மாதம். பதினோரு மணிக்கும்
கூரைமேல் வெளிச்சம் உட்கார்ந்திருக்கிறது.
இரு வீட்டிலும் ஒரே கடையில் வாங்கிய ரூட்டர்,
பெட்டியிலிருந்து எடுத்தபடியே.
இரண்டுமே தன்னை 192.168.1.1 என்கிறது.
அக்கரை முகவரியைக் கேட்டால்
"அது இங்கேதானே" என்று
தன் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது,
வாசல் தாண்டுவதில்லை.

யாராவது ஒருவர் எண்ணை மாற்றியாக வேண்டும்.
"அவன் மாற்றட்டும்" என்றார் ஆஸ்கிரிமூர்.
தொலைபேசியில் பொத்வாரும் அதே இரண்டு சொல்.
நான் இருந்தது அண்ணனின் சமையலறை.
அவர் காப்பி வைக்க எழுந்த நேரம்
ஒன்றை அழித்து ஏழு எழுதினேன்.
திரை ஒரு நிமிடம் என்னை மறந்தது.
பிறகு புது முகவரியில் கதவு திறந்தது.

கூரைக்குக் கூரை முகம் பார்க்கும் இரண்டு தட்டுகள்.
10.0.0.1, 10.0.0.2:
இரண்டே வீடுள்ள ஊர்,
மூன்றாமவருக்கு மனை கிடையாது.
அக்கரைக்குப் போகிறவை எல்லாம் இவ்வழியே
என்று எழுதிவிட்டு பிங் அனுப்பினேன்.
கிணற்றில் போட்ட கல்.
மறுபடியும், கல்.
தட்டில் விளக்கு சிமிட்டுகிறது என்றார் பொத்வார்.
அப்படியானால் போய்ச் சேர்கிறது.
பதில்தான், ஏழு என்றால் யாரென்று தெரியாமல்
தெரியாதவை எல்லாம் ஏறும் பெருவழியில் ஏறி
ரெய்க்யவிக் பக்கம் போய்த் தொலைகிறது.

நாற்பத்தொரு கிலோமீட்டர் ஓட்டினேன்.
ஊன்றுகோலோடு பின்னால் நின்று கேட்டார்:
"இதில் அவன் பெயர் எங்கே?"
"பெயர் இல்லை. ஏழு இருக்கிறது பாருங்கள்.
ஏழுக்குப் போவது 10.0.0.1 வழியாக."
"ஏழா? அவனா மாற்றினான்?"
நான் 'சேமி'யை அழுத்தினேன்.
மூன்று மில்லிநொடியில் பதில்.

மறுநாள் பதிவேட்டைப் பார்த்தேன்,
எண்கள் மட்டும்தான், சத்தியமாக.
விடிகாலை மூன்று மணி வரை
இக்கரை விடாமல் அக்கரையைக் கேட்டிருக்கிறது.
3:05-க்கு நின்றது.
3:52-க்கு அக்கரை வைஃபையில்
புதிதாக ஒரு கைபேசி வந்து முகவரி கேட்டது.
192.168.1.23, கொடுக்கப்பட்டது.
கடவுச்சொல்லை யாரோ
வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு ஆஸ்கிரிமூர் கூப்பிட்டார்.
ஆட்டைப் பற்றி ஒன்றுமில்லை.
பிரிண்டர் வேலை செய்யவில்லையாம்.
அது மட்டும் இன்னும் பழைய எண்ணில்தான் இருக்கிறது,
வந்து மாற்றுகிறேன் என்றேன்.